மண்டியைத் தாண்டி: சிறு விவசாயி சூப்பர் மார்க்கெட்டுக்கும் ஹோட்டலுக்கும் காய் கொடுப்பது எப்படி?

சூப்பர் மார்க்கெட்டுக்கு என்று நான் முதன்முதலாக ஏற்றிய சரக்கு ஆறு ட்ரே வெண்டைக்காய். ட்ரேக்கு 20 கிலோ, மொத்தம் 120 கிலோ. ஒட்டன்சத்திரம் மண்டியில் பத்து வருஷமாகக் காய் போட்டுப் பழகியவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. கலெக்‌ஷன் சென்டரில், அதாவது கடைக்காக்காரர்கள் காயைச் சோதித்து வாங்கும் இடத்தில், இருந்த பையன் ட்ரேக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு காயை எடுத்து நுனியை ஒடித்தான். காய் ஒடியவில்லை, வளைந்தது. "அண்ணா, இது நாளைக்கு ரப்பர் ஆயிடும்" என்றான். அன்றைக்கு 38 கிலோ திரும்பி வந்தது. போன வண்டிக்கும் வாடகை, வந்த வண்டிக்கும் வாடகை.

தப்பு அவனுடையது இல்லை. வெண்டையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்க வேண்டும். முந்தின நாள் ஆள் வரவில்லை என்று மூன்றாம் நாள் பறித்திருந்தேன். அதே காயை மண்டியில் கொட்டியிருந்தால் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் குறைத்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். மண்டிக்கும் பெரிய கடைக்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அங்கேதான் புரிந்தது. மண்டி எந்தக் காய்க்கும் ஒரு விலை சொல்லும். பெரிய கடை ஒரு விலையைச் சொல்லிவிட்டு அந்த விலைக்கு ஏற்ற காயை மட்டும் கேட்கும்.

இப்போது எங்கள் ஊரில் பதினான்கு பேர் சேர்ந்து இரண்டு கடைகளுக்கும் ஒரு கல்லூரி விடுதிக்கும் காய் அனுப்புகிறோம். புதிதாக இறங்குகிறவர்கள் கேட்கும் கேள்விகளை வைத்து, எந்த வேலைக்குப் பின் எது என்ற வரிசையில் இதை எழுதுகிறேன்.

முதலில் மண்டிக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

"மண்டியில் கிலோ 20, கடையில் 24, நாலு ரூபாய் லாபம்" என்று சொல்கிறவர்கள் கணக்கைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். 100 கிலோவை எடுத்துக்கொள்வோம். மண்டியில் 2,000 ரூபாய். கமிஷன் நூற்றுக்குப் பத்து என்றால் 200 போகும். வண்டி, இறக்குகூலி 150. கையில் நிற்பது 1,650.

அதே 100 கிலோ கடைக்குப் போகிறது. 15 கிலோ கழித்துவிட்டார்கள். 85 கிலோவுக்கு 24 வீதம் 2,040. தரம் பிரித்த ஆள்கூலி 150. நீங்கள் மட்டும் தனி வண்டி வைத்ததால் 250. கையில் 1,640. அதாவது மண்டியைவிடப் பத்து ரூபாய் குறைவு. அதுவும் பதினைந்து நாள் கழித்துத்தான் வரும்.

கழிவை 5 கிலோவுக்குக் கொண்டுவந்து, வண்டியை நான்கு பேர் பங்கிட்டு வாடகையை 120 ஆக்கினால் அதே காய்க்கு 2,010 நிற்கும். ஆகவே லாபம் ஒட்டிக்கொண்டிருப்பது கழிவிலும் வண்டியிலும்தான். கடைக்காரரிடம் இன்னொரு ரூபாய் கூட்டிக் கேட்டு மல்லுக்கட்டுவதற்கு முன் இந்த இரண்டையும் சரிசெய்யுங்கள். உங்கள் ஊர் எண்கள் வேறாக இருக்கும். மண்டியில் கொடுத்த விற்பனைச் சிட்டைகளை எடுத்து, போன மூன்று மாதத்துக்கு இப்படிப் போட்டுப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

கமிஷன் கடைக்காரரைத் திட்டித் தீர்ப்பது நம்மிடம் ஒரு வழக்கம். ஆனால் அவர் நல்லது, சொத்தை, முற்றல் எல்லாவற்றையும் எடுக்கிறார். அன்றே காசு தருகிறார். விதைக்கும், சில சமயம் வீட்டுக் கல்யாணத்துக்கும் முன்பணம் தருகிறார். இந்த மூன்றில் எதையும் சூப்பர் மார்க்கெட் செய்யாது. முன்பணம் வாங்கியிருந்தால் அதைத் தீர்த்துவிட்டோ, அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டோ கடைக்குப் போங்கள். ராத்திரியோடு ராத்திரியாகக் காயை வேறு பக்கம் திருப்பினால் ஊருக்குள் கதை வேறு மாதிரி போகும். எப்படியும் உங்கள் இரண்டாம் ரகக் காய் அவரிடம்தான் போகப் போகிறது.

யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?

பெரிய சங்கிலிக் கடையை நோக்கி உடனே ஓடாதீர்கள். உங்கள் தாலுகா ஊரிலேயே இரண்டு மூன்று கடை வைத்திருக்கும் பழமுதிர்ச்சோலை, டிபார்ட்மென்ட் ஸ்டோர் இருக்கும். முதல் வருஷத்துக்கு அதுதான் சரியான பள்ளிக்கூடம். முதலாளியே கல்லாவில் உட்கார்ந்திருப்பார், தப்பு நடந்தால் நேரில் பேசலாம். சங்கிலிக் கடைகள் பெரும்பாலும் கலெக்‌ஷன் சென்டர் வழியாகவோ மொத்தமாகச் சப்ளை செய்யும் நிறுவனங்கள் வழியாகவோ வாங்குகின்றன. அங்கே உங்களுக்கு ஒரு வெண்டர் நம்பர், அதாவது சப்ளை செய்கிறவருக்கான எண், கிடைக்கும், பேச்சு எல்லாம் அந்த நம்பரோடுதான்.

சமையல் கூடங்கள் தனி உலகம். ஹோட்டல், மெஸ், கல்லூரி விடுதி, தொழிற்சாலை கேன்டீன், கல்யாண சமையல்காரர்கள் எல்லாம் இதில் வருவார்கள். என்னைக் கேட்டால் புதியவருக்கு விடுதியும் கேன்டீனும்தான் நல்ல வாசல். திங்கள் சாம்பார், செவ்வாய் காரக்குழம்பு என்று வார மெனு எழுதி ஒட்டியிருப்பார்கள். அந்தத் தாளை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்தால் எந்த நாளைக்கு எந்தக் காய், எவ்வளவு என்று ஆறு மாதத்துக்குத் தெரிந்துவிடும். பருவத் தேர்வு விடுமுறையில் விடுதி காலியாகும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நாங்கள் ஒரு வருஷம் மறந்துவிட்டு 200 கிலோ பூசணியை வைத்துக்கொண்டு விழித்தோம். பூசணி என்பதால் தப்பித்தோம், கீரையாக இருந்தால் மாட்டுக்குத்தான்.

ஹோட்டலில் பேச வேண்டியது பர்சேஸ் மேனேஜரிடம் என்று நினைப்போம். அவர் விலையைப் பேசுவார், சரி. ஆனால் காய் நிலைக்குமா என்று முடிவு செய்கிறவர் மாஸ்டர். எங்களுக்கு ஒரு மாஸ்டர் சொன்னது இது: "தம்பி, கத்தரிக்காய் பளபளப்பா இருந்து என்ன, நறுக்கினா உள்ள விதை முத்திக் கிடக்கு. எனக்குச் சின்னதா, ஒரே அளவா குடு. அளவு மாறினா ஒண்ணு வெந்து ஒண்ணு வேகாது." கடைக்கு வெளித்தோற்றம் முக்கியம், சமையற்கட்டுக்கு நறுக்கிய பின் மிஞ்சுவது முக்கியம். தக்காளியில் இது நன்றாகத் தெரியும். கடைக்காரர் ஷெல்ஃபில் நாலு நாள் நிற்க வேண்டுமென்று செங்காயாகக் கேட்பார். ரசம் வைக்கிறவருக்கு நன்றாகப் பழுத்தது வேண்டும், கொஞ்சம் வடிவம் கோணலாக இருந்தாலும் கவலையில்லை. ஒரே தோட்டத்துத் தக்காளியை இப்படி இரண்டாகப் பிரித்து இரண்டு இடத்துக்கும் கொடுத்தால் கழிவு பாதியாகக் குறையும்.

வாழை வைத்திருப்பவர்கள் இலையை மறக்க வேண்டாம். முகூர்த்த நாட்களில் நுனி இலைக்கு இருக்கும் கிராக்கி அடுத்த வாரமே இருக்காது.

வாங்குகிறவரிடமிருந்து தோட்டத்துக்கு, பின்னோக்கி

இந்த வேலையின் உயிர் இங்கே இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நாம் விதைத்துவிட்டு விலை தேடிப் பழகியவர்கள். கடைக்குக் கொடுப்பதில் இது தலைகீழ். ஒரு கடை நாள் விட்டு நாள் 50 கிலோ வெண்டை கேட்கிறது என்று வைப்போம். எங்கள் மண்ணில் நல்ல காய்ப்பில் இருக்கும் 10 சென்ட் வெண்டை ஒரு பறிப்புக்கு ஏறக்குறைய 25 கிலோ தரும். அதில் முதல் ரகமாகத் தேறுவது 20 என்று வையுங்கள். 50 கிலோவுக்கு 25 சென்ட் போதும் என்று தோன்றும். ஆனால் வெண்டை விதைத்து 45 நாள் வாக்கில் முதல் பறிப்பு வரும், நடுவில் உச்சத்துக்குப் போகும், கடைசி மூன்று வாரம் இறங்கும். ஒரே நாளில் 25 சென்டும் விதைத்தால் உச்சத்தில் வழியும், கடைசியில் வறளும். கடைக்காரர் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துத்தான் "உள்ளூர் விவசாயி ஒத்துவராது" என்று முடிவு கட்டுகிறார்.

ஆகவே 10 சென்ட் இப்போது, 20 நாள் கழித்து இன்னொரு 10, அப்புறம் 20 நாளில் இன்னொன்று. முதல் வயல் இறங்கும்போது மூன்றாவது ஏறும். ஒரே ஆள் செய்வதைவிட மூன்று பேர் முறை வைத்து விதைத்தால் இன்னும் எளிது. எங்கள் குழுவில் டீக்கடைச் சுவரில் மாட்டிய நாட்காட்டியில்தான் இந்த முறையைக் குறித்து வைக்கிறோம். யார் எந்தத் தேதியில் விதைத்தார் என்று ஊரே பார்க்கும், பேச்சு மாற முடியாது.

கடைக்கு ஒத்துக்கொள்ளும் அளவு, உங்களால் விளைவிக்க முடிந்ததில் பாதி அல்லது அதற்குக் கொஞ்சம் மேலே இருக்கட்டும். மழை, பூச்சி, ஆள் வராமை எல்லாம் போக அதுதான் தவறாமல் தர முடிந்த அளவு. மீதி மண்டிக்கும் உழவர் சந்தைக்கும் போகட்டும்.

தேவைக்கும் ஒரு நாட்காட்டி உண்டு. புரட்டாசியில் பாதி ஊர் கவுச்சி சாப்பிடாது, காய் விற்பனை ஏறும். கார்த்திகை பிறந்து மாலை போட்டதும் மறுபடி. ஆவணியில் ஓணத்துக்குக் கேரள லாரிகள் எங்கள் பக்கம் வரிசை கட்டும்போது மண்டி விலை தாவும். அப்போது கடைக்குக் கொடுப்பதை நிறுத்திவிட்டு மண்டிக்கு ஓடத் தோன்றும். அந்த ஒரு வாரம் ஓடாமல் நின்றவர்களைத்தான் கடைக்காரர் விலை விழும் மாதங்களில் நினைத்துப் பார்ப்பார். எங்களுக்கு அப்படி நடந்திருக்கிறது. நடக்காமலும் போயிருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சேர்வது, காகிதம்

தனி ஆளாக முடியாது என்பதில்லை, ஆனால் வண்டி வாடகையே தின்றுவிடும். தொடக்கத்தில் ஐந்தாறு பேர் வாய்வார்த்தையில் சேர்ந்தாலே போதும். தமிழ்நாட்டில் கூட்டுப் பண்ணையத் திட்டத்தின் கீழ் 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழு, அப்படி ஐந்து சேர்ந்தால் 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு என்று பல ஊர்களில் அமைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் செயல்படாமல் கிடக்கும் குழு ஒன்று இருக்கலாம், வேளாண் உதவி அலுவலரைக் கேளுங்கள். அடுத்த கட்டம் விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம். சட்டப்படி பத்து விவசாயிகள் இருந்தால் பதிவு செய்யலாம். 2020இல் மத்திய அரசு தொடங்கிய 10,000 நிறுவனங்கள் திட்டத்தின் உதவிக்குச் சமவெளியில் 300 உறுப்பினர் தேவைப்பட்டது. உதவிக்காக நிறுவனம் ஆரம்பித்துவிட்டு அப்புறம் வியாபாரம் தேடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் ஒழுங்காகக் காய் அனுப்பிவிட்டு நிறுவனம் ஆரம்பியுங்கள்.

காகிதங்களைப் பற்றிப் பயம் வேண்டாம். சிட்டா, அடங்கல், ஆதார், பான், வங்கிக் கணக்குப் புத்தகம் இருந்தால் முக்கால்வாசி முடிந்தது. வெண்டர் படிவத்தில் ஜி.எஸ்.டி. எண் கேட்பார்கள். சொந்த நிலத்தில் விளைந்ததை விற்கும் விவசாயிக்கு அந்தப் பதிவு கட்டாயம் இல்லை, பதப்படுத்தாத புதுக் காய்கறிக்கு வரியும் இல்லை. இதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டமும் தோட்டத்தில் விளைவிக்கும் விவசாயியைத் தொடுவதில்லை. ஆனால் சின்ன வெங்காயத்தை உரித்து, கீரையை ஆய்ந்து, காயை நறுக்கிப் பாக்கெட் போட்டால் அது விவசாயத்தைத் தாண்டி உணவுத் தொழிலாகிவிடும். அதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) பதிவு வாங்கி அந்த 14 இலக்க எண்ணைப் பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். உரித்த வெங்காயத்துக்கு ஹோட்டல்கள் நல்ல விலை தருகின்றன என்பதால் இதைச் சொல்கிறேன். எடை மெஷினுக்கு வருஷா வருஷம் முத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

"ஆர்கானிக்" என்ற வார்த்தையைச் சும்மா எழுதாதீர்கள். பெரிய கடை அந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் பி.ஜி.எஸ். அல்லது என்.பி.ஓ.பி. என்ற இயற்கை விவசாயச் சான்று கேட்கும். சான்று இல்லாவிட்டாலும் மருந்தடித்த நோட்டு ஒன்று வைத்திருங்கள்: எந்தத் தேதி, எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் கழித்துப் பறித்தோம். மருந்துப் புட்டியின் லேபிளில் காத்திருப்பு நாள் போட்டிருக்கும். அந்த நாளுக்கு முன் பறித்த காய் குழு வண்டியில் ஏறக் கூடாது. கடைக்காரர் ஒரு ட்ரேயைச் சோதனைக்கு அனுப்பினால் பதினான்கு பேர் பெயரும் சேர்ந்து போகும்.

பறிப்பு முதல் இறக்குவது வரை

கடைக்காரர் சாயங்காலம் இன்டென்ட் அனுப்புவார், நாளைக்கு இது இவ்வளவு என்று. அதைப் பார்த்துவிட்டு ஆள் சொல்லி, விடியற்காலையில் வெயில் ஏறுமுன் பறிக்க வேண்டும். பறித்த காய் நேராக நிழலுக்குப் போகட்டும். வெண்டையைக் கழுவக் கூடாது, ஈரம் பட்டால் கறுத்துவிடும். கத்தரியைக் காம்போடு கத்தரிக்கோலால் வெட்டுங்கள். பச்சைக் காம்பைப் பார்த்துத்தான் வாங்குகிறவர் புதுசா பழசா என்று சொல்வார். மல்லி, கீரையை வேரோடு கட்டாகக் கட்டி நனைந்த சாக்கை மேலே போடலாம்.

தரம் பிரிப்பதைத் தோட்டத்திலேயே முடிக்க வேண்டும். கலெக்‌ஷன் சென்டரில் அவர்கள் பிரித்தால் ஒரு ட்ரேயில் பத்துக் காய் முற்றலுக்காக ட்ரேயே ஓரமாகப் போகும். வெண்டையின் நீளம் பார்க்க நாங்கள் ஒரு பலகையில் 8 செ.மீ., 11 செ.மீ. என்று இரண்டு ஆணி அடித்து வைத்திருக்கிறோம். முதல் வாரம் எல்லாரும் அதில் வைத்துப் பார்த்தார்கள். இப்போது பலகை மூலையில் கிடக்கிறது, கண்ணே அளந்துவிடுகிறது.

குளிர்சாதனக் கிடங்கு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் மின்சாரம் தேவைப்படாத குளிர் அறை ஒன்றை வடிவமைத்திருக்கிறது. செங்கலில் இரட்டைச் சுவர், நடுவில் 7.5 செ.மீ. இடைவெளி, அதில் ஆற்று மணல், காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும், மேலே கோரை அல்லது வைக்கோல் தட்டி. கோடையில் உள்ளே நன்றாகக் குளிர்ந்திருக்கும். ஊர்க் கொத்தனாரே கட்டிவிடுவார். சாயங்காலம் பறித்ததை விடியும்வரை வைக்க இது போதும்.

எடையில் ஒரு விஷயம். காய் வழியில் காற்றில் வாடி எடை இழக்கும். 20 கிலோ ட்ரேயில் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போடுங்கள். அங்கே 19.8 என்று காட்டினால் தகராறு 200 கிராமோடு நிற்காது.

ட்ரே கணக்கும் அப்படித்தான். சிரிக்காதீர்கள், எங்கள் முதல் வருஷ லாபத்தில் ஒரு பங்கு திரும்பி வராத ட்ரேக்களில் போயிற்று. போன ட்ரே, வந்த ட்ரே என்று டிரைவரிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கட்டும். ட்ரேயில் பெயிண்டில் பெயர் எழுதிவிடுங்கள்.

விலையும் காசும்

"மார்க்கெட் ரேட் போட்டுக்கலாம்" என்று வாயால் பேசி முடிக்காதீர்கள். எந்த மார்க்கெட், எந்த நேரத்து ரேட் என்று கேளுங்கள். இரண்டு தரப்புக்கும் பொதுவாக ஒத்துவருவது உழவர் சந்தைப் பலகை. 1999இல் மதுரையில் தொடங்கிய நாளிலிருந்து உழவர் சந்தைகளில் தினமும் விலை நிர்ணயித்துப் பலகையில் எழுதுகிறார்கள். அது மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் நிற்கும். அந்தப் பலகை விலையில் இத்தனை ரூபாய் குறைத்து என்று எழுதிக்கொண்டால் தினமும் பேரம் பேச வேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரே விலை என்று ஒப்புக்கொள்வது விடுதி, கேன்டீனுக்குச் சரிவரும். தக்காளிக்கும் சின்ன வெங்காயத்துக்கும் மட்டும் அதைச் செய்யாதீர்கள். அந்த இரண்டும் ஒரே மாதத்தில் தரையிலிருந்து கூரைக்குத் தாவும்.

எழுதும்போது இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கழிக்கும் காயை இறக்கிய அன்றே, நம் ஆள் முன்னால் கழிக்க வேண்டும். கழித்ததைத் திருப்பித் தர வேண்டும். மறுநாள் போனில் "20 கிலோ வேஸ்ட் ஆயிடுச்சு" என்று சொன்னால் ஏற்க முடியாது என்பதை முதல் நாளே சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள். இறக்கும்போது ட்ரேயை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் பாதிச் சண்டை வராது.

கடன் நாள்தான் பல குழுக்களை உடைக்கிறது. கடை பதினைந்து நாளோ முப்பது நாளோ கழித்துத் தரும், உறுப்பினருக்கோ சனிக்கிழமை பறிப்புக் கூலி கொடுக்க வேண்டும். இரண்டு தடவை காசு தள்ளிப்போனால் அவர் சத்தமில்லாமல் மண்டிக்குத் திரும்பிவிடுவார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு சுழல் நிதி வைத்துக்கொண்டு, கடையில் காசு வருமுன்னே வாரக் கணக்கை முடித்துவிடுங்கள். ஒரு கடையிடம் இரண்டு வாரச் சரக்குக்கு மேல் நிலுவை நிற்க விடாதீர்கள். எங்களிடம் ஒருவர் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று ஐந்து வாரம் இழுத்தார். காசு வந்து சேர்ந்தது, ஆனால் அதற்குள் மூன்று பேர் குழுவை விட்டுப் போய்விட்டார்கள்.

குறைந்துபோகும் நாள்

எவ்வளவு திட்டமிட்டாலும் 50 கிலோ சொன்ன இடத்தில் 30 தேறும் நாள் வரும். அன்றைக்குச் சொல்லாமல் 30ஐ இறக்கிவிட்டு வருவதுதான் பெரிய தப்பு. முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்குள் போன் போட்டு, "நாளைக்கு இருபது குறையும்" என்று சொல்லிவிட்டால் கடைக்காரர் ராத்திரிக்குள் வேறு இடத்தில் பிடித்துக்கொள்வார். முதல் தடவை கோபப்படுவார். நான்காவது தடவை, "சரி, மண்டியில வாங்கிக்கிறேன், நாளன்னைக்கு எவ்வளவு வரும்?" என்று கேட்பார்.

அந்தக் கேள்வி வந்த வாரம்தான் நாங்கள் இரண்டாவது கடைக்குப் பேசப் போனோம்.